அல்லி இலைமேல் உட்கார்ந்திருக்கும் இந்த ஈ என்ன ஈ?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை படத்தோடு வந்திருக்கின்றன. மொட்டை மாடியில் தொட்டி வைத்துத் தாமரையும் அல்லியும் வளர்க்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். கூடவே இலைமேல் உட்கார்ந்திருக்கும் பூச்சியைப் படமெடுத்து, "இது என்ன, மருந்து அடிக்கலாமா?" என்று கேட்கிறவர்களும். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, ஒருவர் கேட்டதாக வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அல்லி இலைமேல் பச்சையாக மின்னும் சின்ன ஈக்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. மூன்று படம் அனுப்பியிருக்கிறேன், இரண்டில் ஈயே இல்லை, மன்னிக்கவும். இவை இலையைத் தின்கின்றனவா? (மாடித் தோட்டக்காரர், தாம்பரம்)

ஈ இல்லாத அந்த இரண்டு படமும்கூட எனக்குத் துப்புதான். பிளாஷ் போட்டு எடுத்திருக்கிறீர்கள் இல்லையா? வெளிச்சம் பட்ட கணத்திலேயே எழும்பிவிடுகிற ஈக்கள் இவை, படத்தில் வெறும் இலைதான் மிஞ்சும். சிக்கிய ஒரு படம் போதுமானதாக இருக்கிறது. உடம்பு மயில்கழுத்துப் பச்சையில் உலோகம் போல மின்னுகிறது, கால்கள் உடம்புக்குப் பொருத்தமே இல்லாமல் நீளம், அந்தக் காலை ஊன்றி இலையிலிருந்து உடம்பைத் தூக்கி நிற்கிறது. டோலிக்கோபோடிடே என்ற குடும்பம், நெட்டைக்கால் ஈக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் இந்தக் குடும்பத்தில் மட்டும் 7,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இலையைத் தின்னாது. இலைமேல் என்ன நடமாடுகிறதோ அதைத் தின்னும். அசுவினி, இலைப்பேன், சிலந்திப்பேன், தண்ணீரிலிருந்து அப்போதுதான் வெளிவந்து இறக்கை காயக் காத்திருக்கும் குட்டிக் கொசு என்று மென்மையான உடம்புள்ள எதையும் விடாது. இந்த ஈக்கள் நிறைய இருக்கின்றன என்றால் இரையும் நிறைய இருக்கிறது என்று அர்த்தம், அதனால் இலையின் அடிப்பக்கத்தையும் காம்பையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிடுங்கள். மருந்து அடித்தால் முதலில் சாவது இவைதான், அப்புறம் அசுவினிக்குக் கொண்டாட்டம்.

ஆணா பெண்ணா என்று பக்கவாட்டுப் படத்தில் பார்த்துவிடலாம். வயிற்றின் கடைசியில் ஒரு தடித்த முடிச்சு, முன்பக்கமாக மடங்கி வயிற்றுக்கு அடியில் செருகியிருந்தால் அது ஆண். சில இனங்களில் ஆண் தன் காலையும் இறக்கையையும் ஆட்டிக் காட்டிப் பெண்ணைக் கவரப் பார்க்கும், காலையில் பொறுமையாக உட்கார்ந்தால் உங்கள் தொட்டியிலேயே அந்த நாட்டியத்தைப் பார்க்க வாய்ப்பு உண்டு. இனத்தின் பெயர் என்ன என்று கேட்காதீர்கள். அதைச் சொல்ல அந்த மடங்கிய முடிச்சை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

கேள்வி: தாமரைத் தொட்டியைச் சுற்றிச் சாயங்காலத்தில் கொசு மண்டுகிறது. கடித்த மாதிரி தெரியவில்லை. ஆனால் டெங்கு வந்துவிடும், தண்ணீரைக் கொட்டு என்று வீட்டில் சண்டை. படத்தைப் பார்த்து ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள். (கல்லூரி மாணவி, மதுரை)

படத்தில் இருப்பது கடிக்காத கொசு. கைரோனோமிடே குடும்பம். எப்படிச் சொல்கிறேன் என்றால், முதலில் வாய். கொசுவுக்கு முகத்திலிருந்து நீளமாக ஓர் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், இதற்கு அது இல்லை. அடுத்தது நிற்கிற விதம். கொசு உட்காரும்போது பெரும்பாலும் பின்னங்கால்களைத் தூக்கி வைத்துக்கொள்ளும். இது முன்னங்கால் இரண்டையும் முன்னால் தூக்கி நீட்டிக்கொண்டு நிற்கிறது, உங்கள் படத்தில் அது அழகாகவே விழுந்திருக்கிறது. மூன்றாவது, தலையில் இறகு போலப் புசுபுசுவென்று இருக்கும் உணர்கொம்புகள், அவை இருந்தால் ஆண். ஆனால் ஆண் கொசுவுக்கும் அப்படித்தான் இருக்கும், அதனால் கொம்பை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

தொட்டியின் அடிச் சேற்றைக் கொஞ்சம் அள்ளி வெள்ளைத் தட்டில் போட்டுப் பாருங்கள். சிவப்பு நூல் துண்டாக நெளிகிற புழுக்கள் இருந்தால் அவைதான் இதன் குட்டிகள். மீன் கடையில் பிளட் வார்ம் என்று விற்கிறார்களே, அதே வகைதான். நம் இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் இவற்றின் உடம்பிலும் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு. காற்று குறைந்த சேற்றிலும் அதை வைத்துத் தாக்குப்பிடிக்கின்றன. சேற்றைத் தின்று சுத்தம் செய்கின்றன, மீனுக்குத் தீனியாகின்றன. வளர்ந்த பூச்சி சில நாள் இருந்துவிட்டுச் செத்துப்போகும், அந்தச் சில நாளில் கும்பலாக உங்கள் தலைக்கு மேல் சுற்றும். அதுதான் அதன் கல்யாணம்.

ஆனால் வீட்டில் சொல்கிறவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். டெங்கு கொசுவான ஏடிஸ் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், உங்கள் தொட்டி அதற்கு வசதியான இடம். தண்ணீரைப் பார்த்தே சோதிக்கலாம். மேல்பரப்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கை நிழல் பட்டதும் நெளிந்து கீழே போகிற புழு இருந்தால் அது கொசுப் புழு. கப்பி மீன் சில விட்டிருந்தால் அது மிஞ்சாது. மீன் வேண்டாம் என்றால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது, 1976ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒரு குட்டையில் கண்டுபிடித்தது, மீனையும் செடியையும் ஒன்றும் செய்யாது. அளவு கூடினால் கடிக்காத கொசுவின் புழுவும் செத்துவிடும், அதனால் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். இன்னொன்று, ஏடிஸ் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினால் சண்டை தீரும், கொசு தீராது. சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

கேள்வி: தாமரைக் காம்பு முழுக்கக் கறுப்பு ஈ மொய்த்திருக்கிறது. இலைமேல் வெள்ளைப் பூச்சியும் இருக்கிறது, அது நகரவே இல்லை. (இல்லத்தரசி, கும்பகோணம்)

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஈ இல்லை, அசுவினி. அல்லி, தாமரை, ஆகாயத்தாமரை, பாசி என்று தண்ணீர்ச் செடிகளில் வருவதற்கென்றே ஓர் இனம் உண்டு, ரோப்பலோசைஃபம் நிம்ஃபே என்று பெயர். குண்டு உடம்பு, பின்னால் இரண்டு சின்னக் குழாய், கூட்டமாகக் காம்பில் தலையைக் குத்திக்கொண்டு சாறு உறிஞ்சும். இடம் போதாமல் போனால் கூட்டத்தில் சில இறக்கையோடு பிறக்கும், நீங்கள் பார்த்த "ஈ" அதுதான். நகராத வெள்ளைப் பூச்சி என்பது பூச்சியே அல்ல, அசுவினி வளரும்போது கழற்றிப் போட்ட தோல். ஊதிப் பாருங்கள், பறந்துபோகும்.

வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அடிக்கச் சொல்லி யாராவது சொல்லியிருப்பார்கள். தரையில் இருக்கிற செடிக்குச் சரி. தொட்டியில் மீன் இருந்தால் சோப்புத் தண்ணீர் செவுளைக் கெடுத்துவிடும், அதனால் வேண்டாம். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியைத் தண்ணீரில் தள்ளுங்கள், மீன் தின்றுவிடும். பாதி மஞ்சளாகிப்போன இலையை நறுக்கி எறிந்துவிடுங்கள். அடுத்த வாரம் மறுபடி வரும், மறுபடி தள்ள வேண்டியதுதான்.

கேள்வி: வெள்ளை ஈ ஈ இல்லை என்று எங்கள் சார் சொன்னார். உண்மையா? (எட்டாம் வகுப்பு மாணவன், பொள்ளாச்சி)

உண்மை. ஈக்கு இறக்கை இரண்டுதான். பின் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை மாதிரி இரண்டு குமிழ் இருக்கும், பறக்கும்போது உடம்பு சாயாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. வெள்ளை ஈக்கு நான்கு இறக்கை, அது அசுவினிக்குச் சொந்தம். 2016ல் உங்கள் ஊர்த் தென்னையில் வந்து இறங்கியதே சுருள் வெள்ளை ஈ, அதுவும் அப்படித்தான். இறந்து கிடக்கும் ஒன்றை எடுத்து லென்ஸில் எண்ணிப் பார், சார் சொன்னதற்காக நம்ப வேண்டாம்.

கேள்வி: ஊர்க் குளத்தில் ஓரமாக மிதக்கும் இலைகளில் சாம்பல் நிறத்தில் எள்ளளவு ஈக்கள். தண்ணீர்மேலும் நடக்கின்றன. படம் தெளிவாக இல்லை, ஒன்றுக்கு மட்டும் கை தடியாக இருப்பதாகத் தெரிகிறது. (அரசு ஊழியர், திருவாரூர்)

எனக்குப் பிடித்த கூட்டம் இது. படம் மங்கல்தான், ஆனாலும் குடும்பத்தைச் சொல்லிவிடலாம். எஃபிட்ரிடே, கரை ஈக்கள். மங்கிய நிறம், முகம் முன்பக்கம் உப்பியிருக்கும், வாய் உடம்புக்கு ரொம்பப் பெரியது. அந்த வாயால் தண்ணீர் ஓரத்துப் பாசியையும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களையும் வாரி வாரித் தின்னும். எங்கே வேண்டுமானாலும் வாழ்கிற குடும்பம். உப்பு ஏரியில் கோடிக்கணக்கில் இருக்கும், கலிபோர்னியாவில் கச்சா எண்ணெய் ஊறிக் கிடக்கும் குட்டையிலேயே புழுவாக வளர்கிற இனம் ஒன்று உண்டு. மற்ற பூச்சி விழுந்தால் சாகிற எண்ணெய் அது. செத்து விழுவதைத் தின்று இது வளர்கிறது.

தடியான கை என்று நீங்கள் சொன்னது ஆக்தீரா. முன்னங்கால் தொடை வீங்கி, கும்பிடுபூச்சிக்கு இருப்பதைப் போல மடங்கி இருக்கும். ஈரச் சேற்றைக் கிளறி, கடிக்காத கொசுவின் புழுவையும் கொசுப் புழுவையும் பிடித்துச் சாற்றை உறிஞ்சும். ஈக்களில் படத்தை வைத்தே பேரினம் வரைக்கும் தைரியமாகச் சொல்லக்கூடிய சிலவற்றில் இது ஒன்று. இன்னொரு தடவை போனால் இதைப் பக்கவாட்டில் எடுத்து அனுப்புங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இதே குடும்பத்தில் நோட்டிஃபிலா என்று ஒன்று இருக்கிறது, அது அல்லிப் பூவுக்குள் சர்வசாதாரணமாக உட்கார்ந்திருக்கும். இதன் புழு தண்ணீருக்கு அடியில், காற்றே இல்லாத சேற்றில் கிடக்கும். சுவாசத்துக்கு என்ன செய்கிறது தெரியுமா? வாலில் முள் போன்ற குழாய், அதைத் தண்ணீர்ச் செடியின் வேரில் குத்திவிட்டு வேருக்குள் ஓடுகிற காற்றை இழுத்துக்கொள்கிறது. செடி தன் வேருக்காக மேலிருந்து இறக்கும் காற்று. இதனால் செடி வாடி நான் பார்த்ததில்லை.

கெடுதல் செய்கிறவர்களும் குடும்பத்தில் உண்டு. ஹைட்ரெல்லியா என்ற பேரினத்தின் புழுக்கள் இலைக்குள் புகுந்து தின்னும். அதில் ஓர் இனம் நம் நெல்லுக்கு வரும். நட்ட கொஞ்ச நாளில் விரியாத குருத்துக்குள் இருந்து ஓரத்தைச் சுரண்டும், இலை விரிந்ததும் ஓரத்தில் வெளிறிய கறை தெரியும். தண்ணீர் தேங்கிய வயலில்தான் அதிகம், தண்ணீரை வடித்துவிட்டால் குறையும், பயிரும் பெரும்பாலும் தேறிவிடும். இதன் சகோதர இனம் ஒன்றை, ஹைட்ரெல்லியா பாகிஸ்தானே, அமெரிக்காக்காரர்கள் வேண்டுமென்றே வரவழைத்தார்கள். மீன் தொட்டியில் போடும் ஹைட்ரில்லா பாசி 1950களில் இலங்கையிலிருந்து வியாபாரம் வழியாக அங்கே போய், புளோரிடா ஏரி கால்வாய் எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. அந்தப் பாசியின் சொந்த ஊர்ப் பக்கம், இந்தியா பாகிஸ்தானில் அதைத் தின்று வாழும் இந்த ஈயை 1987ல் அங்கே விட்டார்கள். ஒரு புழு வளர்வதற்குள் பத்துப் பன்னிரண்டு இலையைக் காலி செய்யும். ஆக உங்கள் குளத்துப் பாசிமேல் உட்காரும் எள்ளளவு சாம்பல் ஈயைக் கண்டு முகம் சுளிக்கும் முன், அது அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட வம்சமாகவும் இருக்கலாம்.

கேள்வி: அல்லி இலைமேல் யாரோ கோடு கிறுக்கிய மாதிரி இருக்கிறது. ஈ ஒன்றையும் பார்க்கவில்லை. (காரைக்குடி)

புழு மேய்ந்த தடம். கடிக்காத கொசுக்களில் சில இனங்களின் புழு இலையின் மேல்தோலைச் சுரண்டிக்கொண்டே வளைந்து வளைந்து போகும். கோட்டின் அகன்ற முனையில் லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஆள் அங்கேதான் இருப்பார். இலை இரண்டு மூன்றுதான் என்றால் நறுக்கிவிடுங்கள். தொட்டி முழுக்க என்றால் மேலே சொன்ன பி.டி.ஐ.

கேள்வி: செயலியில் படத்தைப் போட்டால் ஏதோ அமெரிக்க ஈயின் பெயர் வருகிறது. இன்னொரு செயலி இன்னொரு பெயர் சொல்கிறது. எதை நம்புவது? (மென்பொருள் பணியாளர், கோவை)

குடும்பப் பெயர் வரைக்கும் நம்புங்கள், அதற்குக் கீழே வேண்டாம். செயலி தன்னிடம் இருக்கும் படங்களோடு ஒப்பிட்டுத்தான் பெயர் சொல்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆட்கள் ஈயைக்கூட விடாமல் படமெடுத்துக் குவித்திருக்கிறார்கள், நம் ஊர்க் குளத்து ஈக்குப் படமே குறைவு, அதனால் அது தனக்குத் தெரிந்த முகத்தைச் சொல்லிவிடுகிறது. ஐநேச்சுரலிஸ்ட் மாதிரியான தளத்தில் இடத்தையும் தேதியையும் சரியாகப் போட்டால் கொஞ்சம் தேவலை, அங்கே செயலியோடு மனிதர்களும் பார்க்கிறார்கள். 2008ல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் படிப்புக்காகச் செய்த வேலையாக ஆரம்பித்தது அது. அங்கே ஒருவர் நீங்கள் பூச்சிக்குப் போட்ட பெயரைத் திருத்தி, இனம் குடும்பம் எல்லாம் எடுத்துவிட்டு, "ஈ" என்று மட்டும் போட்டுவிட்டால் கோபப்படாதீர்கள். அநேகமாக அவர்தான் விஷயம் தெரிந்தவர்.

ஈக்களில் பெயர் வைத்தவையே ஒன்றரை லட்சத்துக்கு மேல். இந்திய ஈக்களைப் பற்றி நூறு வருஷத்துக்கு முன்பு பக்கம் பக்கமாக எழுதிய என்ரிகோ புரூனெட்டி தொழிலால் இசைக்கலைஞர், ஆனால் அவரும் ஈயைக் கையில் வைத்துக்கொண்டுதான் பெயர் சொன்னார்.

கேள்வி: அப்படியானால் எப்படித்தான் படமெடுப்பது? போன் மட்டும்தான் இருக்கிறது. (பலர்)

போன் போதும். முன்னால் மாட்டுகிற மேக்ரோ லென்ஸ் கிளிப் ஒன்று வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. விடியற்காலையில் போங்கள், குளிரில் பூச்சி மந்தமாக இருக்கும், தண்ணீரின் பளபளப்பும் குறைவு. ஜூம் செய்யாதீர்கள், கிட்டே போங்கள், ஆனால் உங்கள் நிழல் அதன்மேல் விழாத பக்கமாக. நிழல் விழுந்தால் பறந்துவிடும். பொத்தானை அழுத்திப் பிடித்து வரிசையாக எடுத்துத் தள்ளுங்கள், அப்புறம் உட்கார்ந்து நல்லதைப் பொறுக்கலாம்.

மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முடிந்தால் முகம் ஒன்று. எல்லோரும் மேலிருந்து மட்டும் எடுக்கிறார்கள், ஈயை அடையாளம் காண அதிகம் உதவுவது பக்கவாட்டுதான். வாய், கால், வயிற்று நுனி எல்லாம் அதில்தான் தெரியும். இறக்கை நரம்புகள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது, கரை ஈயா வேறு ஈயா என்பதை இறக்கை முன்விளிம்பு நரம்பு எங்கே முறிந்திருக்கிறது என்று பார்த்தே சொல்வார்கள். அளவுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து இன்னொரு படம் எடுங்கள், பூச்சி போய்விட்டிருந்தாலும் பரவாயில்லை, அது உட்கார்ந்திருந்த இலையை வைத்துக் கணக்குப் போடலாம். செடியையும் தனியாக ஒரு படம். ஊர், தேதி, நேரம், தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா, ஈ நடந்ததா குதித்ததா, தனியாகவா கும்பலாகவா, இதெல்லாம் இரண்டு வரி எழுதுங்கள். "இது என்ன?" என்று ஒற்றை வரியோடு வருகிற படத்தைவிட, மங்கலான படமும் இந்த இரண்டு வரியும் எனக்கு மேல்.

ஃபில்டர் போட்டு நிறத்தைக் கூட்டாதீர்கள், சாம்பல் ஈ பச்சையாகிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

கேள்வி: ஒன்றைப் பிடித்து உங்களுக்கே அனுப்பிவிடட்டுமா? (திருநெல்வேலி)

தபாலில் வேண்டாம். பூச்சியைப் போட்டு வைக்கிற ஸ்பிரிட் எரியக்கூடியது, அதைத் தபாலில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பக்கத்தில் உள்ள கல்லூரியின் விலங்கியல் துறையில் கேளுங்கள். சென்னைப் பக்கம் வருகிறவர்களுக்குச் சாந்தோமில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள். கோவைக்காரர்கள் வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018ல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம்.

பிடிப்பது சுலபம். சின்னக் கண்ணாடிக் குப்பியை ஈயின்மேல் கவிழ்த்து, அடியில் தாளைச் செருகி, மூடியபடியே ஃப்ரீஸரில் கொஞ்ச நேரம் வையுங்கள். பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் போடலாம். ஊர், தேதி, செடி மூன்றையும் சின்னத் துண்டுத்தாளில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும், வெளியே ஒட்டினால் விழுந்துவிடும். பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.